ஏழாவது படிக்கிற அக்கா

கல்வராயன் மலையில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஒரு மேடம் வந்தபோது அக்கா புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தனியே எடுத்துப் போடவேண்டும். வியாபாரி வேனில் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். நாலு நாள் கழித்து வந்து எடுத்துக்கொள்வார்.

அஞ்சாவதோடு அக்கா நின்று இரண்டு வருடமாகியிருந்தது. அடுத்த பள்ளிக்கூடம் மலைக்கு அந்தப் பக்கம். அவ்வளவு தூரம் பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனம் வரவில்லை. கேரளாவுக்கு மிளகு பறிக்க அனுப்ப மட்டும் வந்தது. ஆள் பிடிக்கிற மேஸ்திரி பேசி முடித்துவிட்டார். அடுத்த வாரம் வண்டி.

தோள்பையோடு மேடம் மேடேறி வருவதைப் பார்த்ததும் அப்பா மூட்டையை உள்ளே இழுத்தார். "போய்க் கையக் கழுவு. கேட்டா ஏழாவதுன்னு சொல்லு" என்றார் அக்காவிடம். போன மாதம்தான் அடிவாரத்தில் ஒரு வண்டியை நிறுத்தி, வேலைக்குப் போன பிள்ளைகளை அதிகாரிகள் இறக்கியிருந்தார்கள். அவர்களின் அப்பாக்கள் சாயங்காலம்வரை ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் நல்ல மாதிரி. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். டேப்லெட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"போன ஏழு நாள்ல பெரிய பொண்ணு ஏதாவது வேலை செஞ்சுதாங்க?"

"வூட்டு வேலைதாங்க மேடம். அவங்க அம்மாவுக்குக் கூடமாட."

அதற்கும் அதில் ஒரு கட்டம் இருந்தது போலும். தொட்டுவிட்டு, எங்கள் இருவரையும் படிக்கவைத்துப் பார்க்க ஓர் அட்டையை எடுத்தார். குடையைத் தொலைத்த ஒரு பையனின் கதை. மூன்றாவது படித்த நான் இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டேன். அக்கா வாங்கினாள். தடுமாறாமல், பேச்சு வரும் இடத்தில் பேச்சுக்கான குரலோடு படித்தாள். முடிந்ததும் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா படிக்கிறியே! உன் டீச்சர் யாரும்மா?"

"அஞ்சாவது சார். அவர்தான் கடைசி."

மேடத்தின் விரல் நின்றது. "கடைசின்னா?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"இல்ல மேடம், அது பழைய சாரு" என்று நான் முந்திக்கொண்டேன். "இப்ப அக்காக்குப் புது டீச்சர். கண்ணாடி போட்டுக்கினு இருப்பாங்க. அக்கா டெய்லி பஸ்ஸுலதான் போவுது."

மேடம் சிரித்துவிட்டார். பிறகு அக்காவிடம், "அப்படியாம்மா?" என்று கேட்டார்.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். விரல் மறுபடி நகர்ந்தது. எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன. மேடம் அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். "இது எங்க போனாலும் பொழச்சிக்கும்" என்று அப்பா என் தலையைத் தடவினார்.

அடுத்த வாரம் அக்கா போனாள். வண்டியை யாரும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளையை எதற்குத் தேடப் போகிறார்கள்? நாலு வருடம் மிளகு, அப்புறம் கல்யாணம். இப்போது தன் மகளின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறாள். அவள் வாய்விட்டுப் படித்து அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

அன்று மேடம் போனதும் அக்கா மூட்டையை வெளியே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பாராட்டுக்காக நான் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன்.

"நான் மட்டும் சொல்லலன்னா இன்னாக்கா ஆயிருக்கும்? நீ மாட்டிக்கினு இருப்ப இல்ல?"

"ஆமா" என்றாள் அக்கா. "மாட்டிக்கினு இருப்பேன்."

அவள் எனக்கு நன்றி சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.