சம்சாரத்துக்கு விசிட்டிங் விசா

ஆபீஸ் வாசலில் நிற்பதும் ஒரு தொழில்தான், சம்பளம்தான் கிடையாது. லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து இஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் எனக்கு வேலை. அது வயிற்றுக்கு. மற்றபடி கல்யாணமானதிலிருந்து நான் பார்த்த உத்தியோகம், கொழும்பில் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் நின்றதுதான். இந்தியாவில் போய்ப் பெண் கட்டிவிட்டு, அவளை இங்கே வைத்துக்கொள்ள அலைந்தவன் நான் ஒருத்தன் மட்டுமா என்ன? இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு என் கால்வலி தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஒரே பந்தலில் இரண்டு

நான் பிறந்தது இங்கே தோட்டத்து வரிசை வீட்டில், லயத்துக் காம்பராவில். அப்பா பிறந்ததும் அதே லயத்தில்தான். இருந்தாலும் நான் இந்த நாட்டுக்காரன் என்று சொல்லப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்த நேரம். அப்போது துறையூர்ப் பக்கத்தில் இருந்த தாய்மாமா, தன் மகனுக்கு என் தங்கச்சி லெட்சுமியைக் கேட்டு எழுதினார். அப்பா இல்லாத வீடு. துரையிடம் லீவு கேட்டு நான்தான் அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

பெண் கொடுத்தால் பெண் எடுக்க வேண்டும், அது எங்கள் இரண்டு வீட்டுக்கும் இருந்த வழக்கம். மாமா மகள் செல்லாயியை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள் என்பதே பந்தக்கால் நட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உள்ளதைச் சொன்னால் மனசும் வரவில்லை. அவள் அப்படி இருந்தாள். ஒரே பந்தலில் ஒரே மேளத்துக்கு இரண்டு தாலி ஏறியது. எழுத்தும் இல்லை, ரிஜிஸ்தரும் இல்லை, ஊர்ச் சனம்தான் சாட்சி. "அவளை எப்படி மாமா அங்க கூட்டிட்டுப் போறது, காகிதமெல்லாம் கேப்பானுங்களே" என்று கேட்டேன். மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "சிலோன் என்ன மாப்ளே தூரம், இங்க ரயில் ஏறுனா மறுநாளு அங்க எறங்கிடலாம்."

மண்டபம் கேம்ப்

மதராசில் தெரிந்த ஆள் மூலம் செல்லாயிக்கு விசா வாங்கினோம். விசிட்டிங் விசாதான் கிடைத்தது, சில மாதத்துக்கு. போய்ச் சேர்ந்துவிட்டால் நீட்டிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இந்த எல்லோரும் என்கிற ஆள் யார் என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சிலோன் கப்பலுக்கு முன்னால் சோதிக்கிற மண்டபம் கேம்பில் ஊசி குத்தினார்கள், மருந்து கலந்த தண்ணீரில் குளிக்கச் சொன்னார்கள், மூட்டையை அவிழ்த்து ஆவியில் வாட்டிக் கொடுத்தார்கள். கூறைப்புடவை சாயம் போய்த் திரும்பி வந்தது. செல்லாயி அதைப் பார்த்து அழுதாள், நான் வேறு வாங்கித் தருகிறேன் என்று புளுகினேன். மேசையில் இருந்த அதிகாரி, இந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். சம்சாரம் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். அப்புறம் விசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்: "சம்சாரத்துக்கு விசிட்டிங்கா? சரி, போய்ப் பாத்துட்டு வரட்டும்."

முதல் ஜன்னல்

செல்லாயி லயத்துக்குப் பழகிவிட்டாள். குளிருக்கு மட்டும் பழகவில்லை, அடுப்பை விட்டு நகரமாட்டாள். மாதம் முடிவதற்குள் வயிற்றில் பிள்ளை என்று பக்கத்துக் காம்பரா பொன்னம்மாக்கா கண்டுபிடித்துச் சொன்னார்கள். விசா முடிகிற சமயம் வந்ததும், இரண்டு பேரும் கொழும்புக்கு ரயில் ஏறினோம்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் யாழ்ப்பாணத்து ஐயா. நல்ல மனுசன்தான், கத்தவில்லை. கல்யாண சர்டிபிகேட் எங்கே என்று கேட்டார். இல்லை என்றேன். இவள் என் பெண்சாதி என்று எப்படி நம்புவது என்று கேட்டார். ஊர்ச் சனம் சாட்சி என்று ஆரம்பித்தேன். செல்லாயி அதற்குள் ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை எடுத்து ஜன்னல் கம்பிக்கு நேரே நீட்டிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போனது. அந்த ஐயா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "தாலியை ஃபைலுக்குள்ளை வைக்கேலாது, தம்பி. கலியாண எழுத்தைக் கொண்டு வாரும்."

இரண்டாம் கல்யாணம்

எங்கள் லயங்களில் தாலி கட்டுவது ஒரு நாள், எழுதுவது என்றைக்கோ ஒரு நாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது எழுதினவர்கள் உண்டு. பேரப்பிள்ளை எடுத்த பிறகு எழுதினவர்களும் உண்டு. தேவை வந்தால் டவுனுக்குப் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வருவோம், அதில் ஒரு தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. சங்கத் தலைவரிடம் கேட்டேன், தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடமும் கேட்டேன். "எழுதிட்டா முடிஞ்சிச்சு" என்றார்கள். நோட்டீஸ் போட்டுக் காத்திருந்து, அந்த இரண்டு பேரையே சாட்சிக்கு அழைத்துக்கொண்டு ரிஜிஸ்தர் ஐயாவிடம் போனோம்.

அவர் சிங்கள ஐயா, தமிழ் நன்றாகவே பேசுவார், 'சரி' மட்டும் 'ஹரி' என்றுதான் வரும். முந்தி கல்யாணம் கட்டினவங்களா என்று இரண்டு பேரையும் கேட்டார். இல்லீங்க என்றோம். வேறு யாரையும் கட்டவில்லையே, அப்புறம் என்ன சொல்வது? கல்யாணமாகாதவர், கல்யாணமாகாதவர் என்று அவர் இரண்டு தடவை எழுதினார். செல்லாயியின் வயிறு அப்போது நன்றாகவே தெரிந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார், இந்த மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. கைநாட்டு வைத்ததும் எழுந்து எனக்குக் கைகொடுத்தார். "ஹரி, இப்பத்தான் நீங்க புருஷன் பெஞ்சாதி."

எது பொய்

காகிதத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடினோம். யாழ்ப்பாணத்து ஐயா வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் சுண்டியது. எங்களை உள்ளே பெரிய அதிகாரியிடம் கூட்டிப் போனார். அந்த மனுசன் என் புதுக் காகிதத்தை ஒரு கையிலும், மண்டபத்தில் எழுதின காகிதத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு இங்கிலீசில் பேசினார், யாழ்ப்பாணத்து ஐயா தமிழில் சொன்னார். மண்டபத்தில் சம்சாரம் என்று சொல்லி இருக்கிறீர்கள். இதிலோ போன வாரம்தான் கல்யாணம், அதுவரை இரண்டு பேரும் கல்யாணமாகாதவர்கள். இது உண்மை என்றால் பொய் சொல்லி நாட்டுக்குள் வந்திருக்கிறாள். அது உண்மை என்றால் ரிஜிஸ்தரிடம் பொய் சொல்லி இருக்கிறீர்கள்.

நான் துறையூர்ப் பந்தலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். தாலி ஒரு நாள், எழுத்து ஒரு நாள், எங்கள் பக்கம் அப்படித்தான் என்று கும்பிட்டுச் சொன்னேன். செல்லாயி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்காரச் சொல்ல அங்கே ஆள் இல்லை. யாழ்ப்பாணத்து ஐயா நான் சொன்னதையெல்லாம் இங்கிலீசில் சொல்லி, பதிலை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எது பொய் எண்டு கேக்கிறார், தம்பி. ஒண்டைச் சொல்லும்."

லயத்தில் ஒரு யோசனை

நாட்டை விட்டுப் போகச் சொல்லி நோட்டீஸ் வந்தது, எனக்கு இல்லை, அவளுக்கு. லயமே கூடி யோசனை சொன்னது. பூண்டுலோயாவில் என் தம்பி வீடு இருக்கு, அங்க வெச்சிரலாம், நம்ம சொந்தக்காரப் பொண்ணுன்னு சொல்லிட்டா எவன் கேக்கப் போறான் என்றார்கள் பொன்னம்மாக்கா. எனக்கு அதுதான் சரி என்று பட்டது. செல்லாயிதான் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒளிஞ்சிருந்து பெத்தா, புள்ளை பேரை எங்கக்கா பதியிறது?" என்று கேட்டாள்.

அப்படியென்றால் நானும் கூட வந்துவிடுகிறேன் என்றேன். கோபத்தில் சொன்னது இல்லை, நிஜமாகவே சொன்னேன். மனுவாவது மண்ணாவது என்றும் சொன்னேன். அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. "நீங்களும் வந்துட்டா, என்னையத் திரும்பக் கூப்புடறதுக்கு இங்க யாருங்க இருப்பா?"

தலைமன்னார்

கப்பல் ஏறுகிற இடம்வரை போனேன். சாயம் போன அந்தக் கூறைப்புடவையைத்தான் கட்டியிருந்தாள். நடக்கவே சிரமப்பட்டாள். மூட்டையை நான் தூக்கிக்கொண்டு கூடவே போகப் பார்த்தேன், வாசலில் இருந்தவர் தடுத்தார். சம்சாரம் ஐயா, மாசமா இருக்கா, மேலே ஏற்றி விட்டுட்டு வந்துர்றேன் என்றேன். அவர் அவள் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூட்டையை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். அவர் பேசியதில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "விசிட்டர்தானே, தனியாப் போகலாம்."

விசாரணை

துறையூரில் பெண் பிறந்தது. மாமா எழுதித்தான் தெரியும். என்னை உரித்து வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தார். மனு முடியட்டும், பிரஜையானதும் முறையாக இரண்டு பேரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அதையே நினைத்து மிஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். மூன்று மழை போனது. அந்த நினைப்பு இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் மனு விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பா பிறந்த பத்திரம், என் பத்திரம், துரை கொடுத்த கடிதம், ரிஜிஸ்தர் காகிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அதிகாரி மரியாதையாகவே கேட்டார். கல்யாணம் ஆச்சா? ஆச்சுங்க. பெண்சாதி எங்கே? துறையூரில் இருக்காங்க. பிள்ளை? ஒரு பொண்ணுங்க, அங்கதான். நான் ரிஜிஸ்தர் காகிதத்தை எடுத்து நீட்டினேன். தேவையில்லை என்று கையைக் காட்டினார். நீங்கதானே ஐயா அவளை அனுப்பினீங்க என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "பெண்சாதி, பிள்ளை எல்லாம் இந்தியாவில இருந்தா, உங்க வீடு அங்கதானே?"

செல்லாயி என் சம்சாரம்தான் என்பதை இந்த அரசாங்கம் சர்டிபிகேட்டே கேட்காமல் நம்பியது, என் மனுவைத் தள்ளின அந்த ஒரு தடவைதான்.