கடுதாசியின் வாய்மொழித் தேர்வு

மோட்டார் பம்ப் ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியில் அவருக்குப் பேர் கடுதாசி. அப்பா அம்மா வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. கம்பெனியிலிருந்து வெளியே போகும் ஸ்பானிஷ் கடிதங்கள் அத்தனையும் பதினெட்டு வருஷமாக அவர் கை பட்டுத்தான் போயின. நூலகத்தில் கிடந்த, அட்டை கிழிந்த வணிகக் கடிதக் கையேடு ஒன்றை வைத்துத் தானாகவே கற்றுக்கொண்ட மொழி. எழுத்தில் புலி, பேச்சில் எலி.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடித ஸ்பானிஷ்தான். தமிழிலேயே மனிதர் அப்படித்தான் என்கிறபோது ஸ்பானிஷைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? கல்யாணம் நிச்சயமானதும் அந்தப் பெண் ஆசை ஆசையாக நாலு பக்கம் எழுதினாள். இவர் அனுப்பிய பதில்: "தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றோம். விவரம் அறிந்தோம்." அதற்குப் பிறகும் அவள் இவரைக் கட்டிக்கொண்டாள். அவள் பெருந்தன்மைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

வாடிக்கையாளர்கள் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டு போன் செய்ய ஆரம்பித்தபோதுதான் வினை வந்தது. ஒரு நாள் மேனேஜர் ரிசீவரை இவர் காதில் வைத்து, "பேசுய்யா" என்றார். கடுதாசிக்கு வேர்த்துக் கொட்டியது. "எழுத்து மூலம் தெரிவிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு லைனைத் துண்டித்துவிட்டார்.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "ஸ்பானிஷ் பேசற ஊருக்கே போய் ஒரு செமஸ்டர் படிச்சிட்டு வா. வாய்மொழித் தேர்வுல பாஸ் பண்ணினா உன் மேஜை உனக்கு. இல்லேன்னா குடோன்ல பெட்டி எண்ணிக்கிட்டு இரு. என் மச்சினன் சீரியல் பார்த்தே ஸ்பானிஷ் பேசறான், தெரியுமா?"

மச்சினன் என்ற பேரைக் கேட்டதும் தன் மேஜைக்கு ஆள் தயார் என்பது கடுதாசிக்குப் புரிந்துவிட்டது. அந்த மேஜை ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் சம்பாதித்த மரியாதை. நாற்பத்தாறு வயதில் புதுப் பெட்டி வாங்கி, விமானம் ஏறினார். "அங்கேயாவது வாயைத் திறந்து பேசுங்க" என்று சொல்லி மனைவி வழியனுப்பினாள்.

கல்லூரி அவரைத் தங்கவைத்தது ஐந்தாவது மாடியில், ஒரு சிகையலங்காரக்காரி வீட்டில். முன்னறைதான் அவள் கடை. இரண்டு கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, சுவரோரம் ஒரு போன். கத்தரிக்கோல் ஓடினாலும் நின்றாலும் அவள் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நாள் காலை கடுதாசி அவள் முன் போய் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பானிஷில் திருவாய் மலர்ந்தார். தமிழில் சொன்னால் அது இப்படி இருக்கும்: "காலை உணவு எத்தனை மணிக்கு வழங்கப்படும் என்பதை அறியத் தந்தால் என்றென்றும் கடமைப்பட்டவனாவேன்."

நாற்காலியில் இருந்த வாடிக்கைக்காரி திரும்பிப் பார்த்ததில் அவள் முடி ஒரு பக்கம் காதுவரை போய்விட்டது.

"என் விவாகரத்து நோட்டீஸ்கூட இவ்வளவு மரியாதையா இல்லையே!" என்றாள் வீட்டுக்காரி.

சிரித்துவிட்டுப் போயிருந்தால் தேவலை. கெட்டிக்காரி, மறுநாளே தண்ணீர் வரி அலுவலகத்துக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதச் சொன்னாள். எழுதினார். ஒரு வருஷமாகத் தீராத தகராறு ஒரே வாரத்தில் தீர்ந்தது. அவ்வளவுதான், தெருவே படியேறி வந்துவிட்டது. ஓட்டைக் குழாய்க்காரர், ஓயாமல் குரைக்கும் நாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வூதியம் வராத தபால்காரர் என்று வரிசையில் நின்றார்கள். பேசக் கற்றுக்கொள்ள வந்த மனிதர் நாலு மாசமும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வகுப்பில் இருபது வயசுப் பிள்ளைகள் தப்பும் தவறுமாகச் சளசளவென்று பேசித் தள்ள, இவர் மனசுக்குள் வாக்கியத்தைத் திருத்தி எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அவர் கடிதத்துக்கு மசியாத ஒரே இடம் லிஃப்ட் கம்பெனி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் நாலு மாசமாக இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. நாலு கடிதம் போட்டும் பதிலில்லை. வாடிக்கைக்காரிகள் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். முழங்கால் வலிக்காரிகள் இருவர் எதிர்க்கடைக்கே மாறிவிட்டார்கள். ஷாம்பு கேன்களைக் கடுதாசியும் வீட்டுக்காரியும் மாறி மாறிச் சுமந்தார்கள்.

தேர்வு நெருங்கியது. போனில் பேச வேண்டிய வேலை என்பதால் போனிலேயே தேர்வு என்று கல்லூரி சொல்லிவிட்டது. கடைசி வாரத்தில் ஏதோ ஒரு நாள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள், முன்னறிவிப்பில்லாமல் அழைப்பார்கள். பத்து நிமிஷம் பேச வேண்டும். யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வரக் கூடாதாம். கடுதாசி மனப்பாடம் செய்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு போன் அடித்தது. ஓர் ஆண்குரல், "வணக்கம், உங்ககிட்ட ஒரு விஷயமா…" என்று தொடங்கியதுதான் தாமதம், கடுதாசி மடையைத் திறந்துவிட்டார். குடும்பம், மனைவியின் பொறுமை, நீர்மூழ்கி மோட்டாரின் சிறப்புகள் என்று பத்து நிமிஷம். எதிர்முனையிலிருந்து "அப்படியா", "அடடே" என்பதற்கு மேல் சத்தமில்லை. முடிந்ததும் அந்தக் குரல் நெகிழ்ந்துபோய், "எங்ககிட்ட யாரும் இவ்வளவு மரியாதையா பேசினதே இல்ல சார். நாளைக்கே வந்து பாக்கறேன்" என்றது.

பேசியது லிஃப்ட் கம்பெனி ஆள். அது நமக்குத் தெரியும், கடுதாசிக்குத் தெரியாது. உடனே ஊரிலிருந்த மனைவியைப் போனில் கூப்பிட்டு, "தேர்வு இனிதே நிறைவுற்றது" என்றார்.

அந்த ஆளுடைய 'நாளை' செவ்வாயும் வரவில்லை, புதனும் வரவில்லை. வியாழக்கிழமை காலை கடுதாசி கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், ஷாம்பு கேனைத் தனியாகத் தூக்கிக்கொண்டு ஏறிய வீட்டுக்காரி நாலாவது மாடியில் வழுக்கி விழுந்துவிட்டாள். அவர் திரும்பி வந்தபோது கால் பூசணிக்காயாய் வீங்கி வாளித் தண்ணீரில் கிடந்தது. ஓயாமல் பேசுகிறவள் ஒரு வார்த்தை பேசாமல், நிற்க முடியாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வந்த மூன்று பேரையும் திருப்பி அனுப்பியிருந்தாள். கடுதாசிக்கு வயிறு எரிந்தது.

அப்போது போன் அடித்தது.

"வணக்கம் சார்," என்றது ஒரு குரல், சாவதானமாக. "நாலு மாசமா அங்க தங்கியிருக்கீங்களே, எப்படி இருக்கு? வீடெல்லாம் வசதியா இருக்கா?"

தேர்வுதான் திங்கட்கிழமையே முடிந்துவிட்டதே, இது லிஃப்ட் கம்பெனிதான் என்று முடிவு கட்டினார் கடுதாசி. "வசதியா?" அவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "என்ன கொழுப்பு இருந்தா வசதியான்னு கேப்பே? நாலு மாசமா அந்தரத்துல தொங்குதுய்யா உன் லிஃப்ட்! நாலு கடுதாசி போட்டேன், படிச்சியா, இல்ல பஜ்ஜி மடிச்சியா? இங்க ஒரு பொம்பள காலை ஒடச்சிக்கிட்டு உக்காந்திருக்கா! நின்னாத்தான் அவளுக்குச் சோறு, தெரியுமா உனக்கு? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ கேனைத் தூக்கிட்டு அஞ்சு மாடி ஏறிப் பாரு!"

இத்தனையும் ஸ்பானிஷில். பாதிக்கு இலக்கணமே இல்லை. சில வார்த்தைகள் வீட்டுக்காரியிடமிருந்து பொறுக்கியவை, அவற்றைத் தமிழில் எழுத முடியாது. வீட்டுக்காரி வலியை மறந்து வாயைப் பிளந்தபடி பார்த்தாள்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது குரல் மெதுவாகச் சொன்னது: "சார், லிஃப்ட் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் காலேஜ்லேர்ந்து பேசறேன். இது உங்க வாய்மொழித் தேர்வு."

மேஜை போச்சு, குடோன்தான். கடுதாசியின் நாக்கு தானாகப் பழைய தடத்துக்கு ஓடியது. "மேற்படி தவறுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம். தாங்கள் பெரிய மனது…"

"ஐயோ, வேண்டாம் சார்!" தேர்வாளர் பதறினார். "இப்படிப் பேசினா ஃபெயில் போட வேண்டியிருக்கும். முன்ன பேசினீங்களே, அப்படியே பேசுங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கி இருக்கு."

"கோபம் போயிடுச்சே. யாரைத் திட்டறது?"

"யாரையாவது திட்டுங்க."

கடுதாசி யோசித்தார். பிறகு தணிந்த குரலில், மேனேஜர் எதிரே நிற்பதுபோலத் தொடங்கினார். "ஏன் சார், பதினெட்டு வருஷமா 'பணிவுடன்'னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போனேனே. என்னைக்காவது ஒரு கடுதாசியைப் படிச்சிட்டு, 'நல்லா எழுதியிருக்கய்யா'ன்னு சொன்னீங்களா? உங்க மச்சினன் சீரியல் பாக்கறதுதான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" ரெண்டு நிமிஷம் என்றது இருபது நிமிஷம் ஆயிற்று. தேர்வாளர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

எல்லாம் தீர்ந்ததும் போனில் பேனாவை மூடும் சத்தம் கேட்டது.

"நல்லா பேசினீங்க சார்," என்றார் தேர்வாளர். "பாஸ்."

கடுதாசிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நன்றி என்ற ஒற்றை வார்த்தை எந்த மொழியிலும் வாயில் வரவில்லை.