நாலு பேருக்கு ஜன்னலில்லாத அறை

துறைமுகக் கால்வாயின் கரையில், மீன் வறுத்துக் கொடுக்கும் உணவகம் ஒன்றில் ரோண்டா சமையல்காரியாக இருந்தாள். மாலையில் உல்லாசக் கப்பல்கள் அந்தக் கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகும். அந்த நேரத்தில் சாப்பிட வந்தவர்கள் எண்ணெய்க் கையோடு எழுந்துபோய்க் கம்பியோரம் நின்று கையசைப்பார்கள். ரோண்டாவும் அடுப்பைத் தணித்துவிட்டு வெளியே வருவாள். கப்பலிலிருந்து பதிலுக்குக் கையசைப்பார்கள். கப்பல் ஊதும். எல்லாரும் திரும்பிப் போய்ச் சாப்பிடுவார்கள்.

ரோண்டா அந்தக் கப்பல்கள் எதிலும் ஏறியதில்லை. ஆகஸ்டில் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். செப்டம்பர் முடிவதற்குள் போய்விட்டாள்.

அவளுடைய ஒரே மகள் ஷெல்பி ஏசி மெக்கானிக். இருபத்தாறு வயது. ஃப்ளோரிடாவில் அந்தத் தொழிலுக்கு வேலை ஓய்வதில்லை. நாள் முழுக்க யாருடைய கூரையிலாவது வெயிலில் மண்டியிட்டு இருப்பாள். கருவிகளோடு பேசும் அளவுக்கு மனிதர்களோடு பேசத் தெரியாது. அதற்கு அம்மா இருந்தாள். அம்மா போன பிறகு அவள் அறையின் ஏசியை ஷெல்பி அணைக்கவில்லை. ஆளில்லாத அறை குளிர்ந்துகொண்டே கிடந்தது. அது வீண் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். ஆனாலும் அணைக்கவில்லை.

அக்டோபரில் பிரின் கூப்பிட்டாள். உணவகத்தில் பரிமாறும் பெண். இருபது வயது. வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் சிரித்தே ஆக வேண்டும், அப்படிப்பட்ட பேச்சு.

“ஷெல், டிசம்பர்ல நாங்க கரீபியன் கப்பல்ல போறோம். நான், ட்ரென்ட், யெசி. நீயும் வர்ற.”

“நானா?”

“பின்ன, உன் வேனா? உங்கம்மா இருந்திருந்தா கழுத்தப் புடிச்சுத் தள்ளிவிட்டிருப்பாங்க. எந்தக் கப்பல், எந்த அறைன்னு நீயே பாரு. எங்களுக்குக் கணக்கும் வராது, காசும் கிடையாது.”

ஷெல்பி ஒப்புக்கொண்டாள். செல்பேசியை வைத்த பிறகும் வேனைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா செத்த பிறகு, பழுது எதுவும் இல்லாமல் அவளை யாரும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிறு மூவரும் பீட்சாவோடு அவள் வீட்டுக்கு வந்தார்கள். பிரின்னோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிபவன் ட்ரென்ட். யெசேனியா அதே உணவகத்தில் பாத்திரம் கழுவுபவள், மூவரில் இளையவள். வந்ததும் தட்டுகளை எடுத்து வைத்தாள். எந்த அலமாரியில் இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. ரோண்டா இருந்தபோது வந்து பழக்கம்.

“தண்ணிச் சறுக்கு உள்ள பெரிய கப்பல் வேணும்,” என்றாள் பிரின்.

“வேணாம். அதுல சறுக்குனா ஜனவரி வாடகைக்கு எங்க போவ?” என்றாள் ஷெல்பி.

“விளம்பரத்துல கம்மியாத்தானே போட்டிருக்கான்?”

“அந்த விலைக்குக் கப்பலக் கரையில நின்னு பாக்கலாம். துறைமுக வரி, சிப்பந்திகளுக்கு டிப்ஸ், எல்லாம் அப்புறமா ஒண்ணொண்ணாச் சேப்பான்.”

ஷெல்பி பார்த்து வைத்திருந்தது பழைய, சின்னக் கப்பல். ஐந்து இரவு. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்து முடிந்து கிறிஸ்துமஸ் தொடங்குவதற்கு முந்தைய மந்தமான வாரம். சொந்தத் துறைமுகத்திலிருந்தே புறப்படுவதால் விமானச் செலவில்லை. கப்பல்காரன் ஏற்பாடு செய்யும் சுற்றுலா எதுவும் வேண்டாம். தீவில் இறங்கி நடந்தாலே கடற்கரை. நாலு பேருக்கும் ஜன்னலில்லாத ஒரே அறை: கீழே இரண்டு படுக்கை, சுவரிலிருந்து இழுத்து விரிக்க இரண்டு. மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் பாதிதான்.

“ஜன்னலே இல்லாமலா? சவப்பெட்டியா அது?” என்றான் ட்ரென்ட். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஷெல்பி அதைக் கண்டுகொள்ளாமல் கப்பலின் வரைபடத்தை விரித்தாள். அறைக்கு மேலே நீச்சல் குளம் இருக்கக் கூடாது, விடிகாலையில் நாற்காலி இழுப்பார்கள். கீழே நடனக் கூடம் கூடாது. லிஃப்ட் பக்கம் கூடாது. நீளவாக்கில் நடுவில் இருந்தால் கப்பலின் ஆட்டம் குறைவு. அப்படி ஒரே ஒரு அறை மிஞ்சியது. அதைத் தொட்டுக் காட்டியபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

“நான் மேல் படுக்கைல படுத்துக்கறேன். எங்க வீட்லயும் நாந்தான் மேல,” என்றாள் யெசேனியா.

“பாத்தீங்களா, நமக்கு ஒரு அம்மா கிடைச்சாச்சு. எல்லாத்தையும் அம்மா பாத்துப்பா,” என்றாள் பிரின்.

அன்றிலிருந்து பிரின்னும் ட்ரென்ட்டும் அவளை அம்மா என்றே கூப்பிட்டார்கள். ஷெல்பிக்கு அது ஒவ்வொரு தடவையும் குத்தியது. இருந்தாலும் சிரித்தாள்.

“இங்கேருந்து கிளம்பி இங்கேயே திரும்புற கப்பல், பாஸ்போர்ட் இல்லாட்டி பரவால்ல. பிறப்புச் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் போதும். எனக்குப் படம் எடுத்து அனுப்புங்க, நான் பாத்துச் சொல்றேன்.”

அவள் சும்மா சொல்லவில்லை. துறைமுகக் கட்டடத்தின் ஏசி அவள் பொறுப்பு. அங்கே ஏணியில் நின்றபடி பலமுறை பார்த்திருக்கிறாள். குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் அதன் பாதங்களை மையில் தோய்த்து, ஒரு அழகான தாளில் பதித்துக் கொடுப்பார்கள். தாய்மார்கள் அதைப் பொக்கிஷமாக வைத்திருப்பார்கள். பிள்ளைகளும் அதுதான் பிறப்புச் சான்றிதழ் என்று நினைத்தே வளர்ந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு பெட்டியோடு வருவார்கள். அரசாங்க முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். வளர்ந்த ஆட்கள் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள்.

நவம்பர் கடைசியில் உணவகத்தின் ஏசி நின்றது. ஷெல்பி கூரையில் ஏறி இயந்திரத்தின் தகட்டைக் கழற்றினாள். அதன் காற்றுக்குழாய் நேராகப் பணியாளர் அறைக்குள் இறங்கும். விசிறி ஓடாத குழாய் ஒலிபெருக்கி மாதிரி. பிரின்னின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது.

“இருபத்தஞ்சு வயசு ஆன ஒரு ஆளு அறையில இருந்தாத்தான் நம்மள ஏத்துவான், வேற வழி? எங்கக்கா முடியாதுன்னுட்டா. இவளா? செத்த வீட்டுக்காரி. கூப்பிட்டா நாய்க்குட்டி மாதிரி வருவான்னு தெரியும்.”

“அஞ்சு நாளும் அந்த மூஞ்சியப் பாக்கணுமே,” என்றான் ட்ரென்ட்.

“ஏறுற வரைக்குந்தான். அப்புறம் அம்மா அவ பாட்டுக்குக் கப்பலோட ஏசியக் கழட்டிக்கிட்டு இருக்கட்டும்.”

சிரித்தார்கள். “இங்க பாருங்க,” என்று யெசேனியா ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதையும் கேட்கும் தெம்பு ஷெல்பிக்கு இல்லை. விசிறியை மட்டும் ஓடவிட்டாள். குழாயில் காற்று மட்டும் ஓடியது.

பழுதைச் சரிசெய்து, தகட்டை மூடி எல்லாத் திருகுகளையும் முடுக்கினாள். கீழே இறங்கியபோது பிரின் ஐஸ் போட்ட தேநீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தாள்.

இரண்டு நாள் கழித்து பிரின் படம் அனுப்பினாள். ஃப்ரேம் போட்ட தாள். ஆஸ்பத்திரியின் பெயர், ரோஜா நிறக் கரை, நடுவில் கட்டைவிரல் அளவுக்கு இரண்டு கறுப்புப் பாதங்கள்.

ஷெல்பி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுகாதார அலுவலகம் ஊருக்குள்தான் இருக்கிறது; போனால் அன்றைக்கே முத்திரை போட்ட நகல் கிடைக்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள், “சரியா இருக்கு,” என்று பதில் அனுப்பினாள். யெசேனியா எதுவும் அனுப்பவில்லை. ஷெல்பி கேட்கவும் இல்லை.

புறப்படும் நாள் சனிக்கிழமை. துறைமுகத்தில் வரிசையில் நின்றார்கள். பிரின் பளபளவென்று ஒரு பாஸ்போர்ட்டை விசிறிக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா எப்பவோ ஸ்கூல் டூருக்குன்னு எடுத்து வச்சது. நேத்துதான் அலமாரியில மாட்டுச்சு. கொழுத்த ராசிடி எனக்கு.”

ஷெல்பி அதை வாங்கிக் காலாவதித் தேதியைப் பார்த்தாள்; இன்னும் இருந்தது. ட்ரென்ட்டின் தாள் சரியாக இருந்தது. அடுத்து யெசேனியா பிளாஸ்டிக் உறையிலிருந்து தன்னுடையதைக் கவனமாக உருவினாள். நீலக் கரை. இரண்டு பாதங்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதை ஒரு கணம்தான் பார்த்தாள். “கண்ணு, இது ஆஸ்பத்திரியில ஞாபகத்துக்குக் குடுக்கறது. இது செல்லாது.”

“இல்லீங்க, செல்லும். பிரின்னோடதும் இதே மாதிரிதான். ஷெல் பாத்து சரின்னு சொல்லியிருக்கா.” யெசேனியா திரும்பினாள். “சொல்லு ஷெல்.”

ஷெல்பி தரையைப் பார்த்தாள்.

“இன்னைக்கு எந்த ஆபீசும் திறந்திருக்காது, கண்ணு. கொஞ்சம் தள்ளி நில்லு,” என்றாள் அந்தப் பெண்.

பிரின் யெசேனியாவை ஒரு கையால் அணைத்து விட்டாள். “ஐயோ, பாவம்டி நீ. போட்டோ நிறைய அனுப்புறோம். ஷெல், வா, வரிசை நகருது.”

“நான் வரல. யெசிகூட இருக்கேன்.”

“விளையாடாத. நீ வரலன்னா எங்கள ஏத்த மாட்டான்.”

“தெரியும். அன்னைக்கு நான் கூரையில இருந்தேன். நாய்க்குட்டி வரைக்கும் கேட்டுச்சு.”

ட்ரென்ட் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தான். அது அவிழ்ந்திருக்கவில்லை. பிரின் பாஸ்போர்ட்டை விசிறுவதை நிறுத்தினாள். அந்த ஒரு நிமிடம் ஷெல்பிக்கு இனித்தது. இனி யெசேனியாவும் தானும் வேனில் ஏறி எங்காவது போகலாம் என்றுகூட நினைத்துவிட்டாள்.

யெசேனியா தாளை உறைக்குள் நேராக்கி வைத்தாள். “அப்ப, செல்லாதுன்னு தெரிஞ்சேதான் சரின்னு சொன்னியா?”

“உனக்குச் சொல்லல.”

“அவளுக்குச் சொன்ன. அவ எங்கிட்டச் சொன்னா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நான் வேற யாரையும் கேக்கல.” குரல் உயரவில்லை. “கூரையில இருந்தல்ல, நான் சொன்னதயும் கேட்டியா?”

“விசிறி ஓடிடுச்சு.”

“ஷெல்ல ஏமாத்திக் கூட்டிட்டுப் போறதா இருந்தா நான் வரலன்னு அவங்ககிட்டச் சொன்னேன். அப்புறம், நீ தனியா மாட்டிப்பியேன்னுதான் பெட்டி கட்டினேன்.”

“யெசி, நான் உன்ன வீட்ல கொண்டுபோய் விடறேன். ஏதாச்சும் சாப்பிட்டுட்டு—”

“வேணாம். நீ அவங்களோட போ. நீ இங்க இருந்தா உன் மூஞ்சிய நான் பாக்கணும்.”

பெட்டியை இழுத்துக்கொண்டு கதவைத் தாண்டி வெயிலில் இறங்கினாள். பெட்டியின் ஒரு சக்கரம் சுற்றவில்லை. அதை உரசிக்கொண்டே போனாள்.

“முடிஞ்சுதா? வா, அம்மா,” என்றாள் பிரின். ஷெல்பி போனாள். போக வேறு இடம் இல்லை. வீட்டில் இருந்தது அந்தக் குளிர்ந்த அறை மட்டும்தான்.

ஏறிய உடனே இருவரும் மறைந்துவிட்டார்கள். ஷெல்பி அறையைத் திறந்தாள். அவள் கணித்தபடியே ஓசையில்லை, ஆட்டமில்லை. காற்றுத் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். நன்றாக வந்தது. சுவரிலிருந்து இரண்டு மேல்படுக்கைகளையும் விரித்து விரிப்புப் போட்டிருந்தார்கள். ஒன்றை மடித்துச் சுவரோடு தள்ளினாள்.

மாலையில் கப்பல் நகர்ந்தது. ஷெல்பி மேல்தளத்துக் கம்பியோரம் நின்றாள். உணவகம் வந்தது. மேலிருந்து பார்க்க அது இத்தனை சின்னதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஜனங்கள் எண்ணெய்க் கையோடு எழுந்து கம்பிக்கு வந்து கையசைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால், காலியான மேசைகளுக்கு நடுவில், ஏப்ரன் கட்டிய ஒரு பெண் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை, ஆள் போதாது என்று கூப்பிட்டிருப்பார்கள்.

ஷெல்பி கையை உயர்த்தினாள். முழுக் கையையும் உயர்த்தி அசைத்தாள்.

யெசேனியா நிமிர்ந்து கப்பலைப் பார்த்தாள். தட்டுகளை இடுப்பில் அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

கப்பல் ஊதியது. கீழே எல்லாரும் திரும்பிப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.