விரதமிருந்த பூனை

கார்த்திகை பிறந்ததும் என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டார். அன்றோடு எங்கள் வீட்டில் மீன் நின்றது. எனக்கு அதில் வருத்தமில்லை. சாளை மீனிலேயே வளர்ந்த எங்கள் பூனைக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. மீன் தலை விழுந்த தேங்காய்ச் சிரட்டையில் இப்போது பாலும் சோறும்தான் விழுந்தது.

ஒரு வாரத்திலேயே அதற்கு வயிற்றுப்போக்கு. கட்டிலுக்கடியிலெல்லாம் தண்ணீராகப் போய் வைத்தது. அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு மேலாகச் சொன்னாள்: "ஏட்டி, அத இங்க விடு. நான் மீன் தலை போடுதேன்."

அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை. "மீனு தின்ன வாயோட சாமி படத்துக்கிட்ட வரும். கதவ அடச்சிப் போடு. பாலு குடிச்சிட்டுக் கெடக்கட்டு."

கால்நடை மருத்துவர் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "பூனைக்குப் பால் ஒத்துக்காதும்மா. சைவமா வச்சிருந்தா அது தாங்காது. மீனோ கோழியோ வேகவச்சுக் குடுங்க."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன்.

"மலைக்குப் போயிட்டு வந்து பாப்போம்" என்றார்.

"பூனைக்கு யாரு மாலை போட்டது?" என்று கத்தினேன். அவர் சரணம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் நானே அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அக்கா வேகவைத்த மீனை வாயருகே வைத்தாள். மோந்து பார்க்கக்கூட அது தலையைத் தூக்கவில்லை. சாயங்காலம் தென்னைமரத்து மூட்டில் குழி தோண்டினேன்.

மலையிலிருந்து வந்து மாலை கழற்றிய அன்றே அவர் சாளை வாங்கி வந்தார். நான் முற்றத்தில் உட்கார்ந்து வெட்டி, தலைகளைப் பழக்கத்தில் சிரட்டையில் போட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "அதத் தூரக் கொண்டு கொட்டு. கெடந்து நாறும்."