மூன்றாம் வரியின் எதுகை

அருப்புக்கோட்டையில் ராஜகுரு ஃபிளக்ஸ் கடை போட்டுப் பதினாறு வருஷமாகிறது. தமிழ் எம்.ஏ. படித்தவர். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் நாலு வரிக் கவிதையோடு பேனர் வேண்டுமென்றால் அவரிடம்தான் போகவேண்டும் என்ற பேர் இருந்தது. போன வருஷம் அந்தப் பேர் ஆட்டம் கண்டது.

நரிக்குடிப் பக்கம் மாரீஸ்வரி என்றொரு பெண். ஆடும் கொஞ்சம் கம்பங்காடும் உள்ள வீடு. கேட்டவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் கவிதை எழுதி அனுப்பினாள். "கவிதை இருக்கு, அடிச்சாப் போதும்" என்று ஆட்கள் போனை நீட்டும்போதெல்லாம், அவளைப் பார்த்தேயிராத ராஜகுருவுக்கு வயிறு எரிந்தது.

ஆவணியில் திருச்சுழி சௌந்தரபாண்டியன், மகள் காதுகுத்துக்கு இதைக் கொண்டுவந்தார்:

கம்மங் கதிரு காத்தி லாட
அம்மான் மாரு சீரோ டேற
செம்மறி யெல்லாம் திரும்பிப் பார்க்க
பொம்மக் கண்ணு காது குத்து

அவர் போனதும் ராஜகுரு குறை தேட உட்கார்ந்தார். கம்மம், அம்மான், செம்மறி, பொம்மை. நாலு வரியிலும் இரண்டாம் எழுத்து 'ம்'. முதல் வரியில் க, க, கா என்று மோனை வேறு. தெரிந்தா எழுதியிருப்பாள், தானாக விழுந்ததுதான் என்று தேற்றிக்கொண்டார். அப்படியும் மனசு ஆறவில்லை. 'செம்மறி யெல்லாம்' என்பதை 'ஊரும் உறவும்' என்று மாற்றி அடித்துக் கொடுத்துவிட்டார்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே பேனர் கட்டினார்கள். அன்று மதியம் போன் வந்தது.

"அண்ணாச்சி, மாரீஸ்வரி பேசுறேன். பேனர் போட்டோ வாட்ஸ்அப்ல வந்துச்சு. மூணாவது வரிய மாத்திருக்கீக."

"காதுகுத்துல போயி ஆட்ட எழுதணுமா தாயி? மரியாதையா இருக்கட்டுமேன்னுதான்."

"மோனை சரியாத்தான் இருக்கு, ஊவுக்கு உ. ஆனா எதுகை அறுந்துபோச்சே. மத்த மூணுலயும் ரெண்டாமெழுத்து ம், இதுல மட்டும் ரு." அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"இதெல்லாம் எங்க படிச்ச?" என்று கேட்டார் ராஜகுரு.

"குரூப் ஃபோர் பரீட்சைக்கு மூணு தடவ படிச்சேன். வேலை கிடைக்கல. இது மட்டும் தங்கிருச்சு."

சாயங்காலமே அந்த ஒரு வரியைத் தனியாக அடித்து எடுத்துக்கொண்டு திருச்சுழிக்குப் பஸ் ஏறினார். சௌந்தரபாண்டியனிடம் டைப்பில் தப்பாகிவிட்டது என்றார். பேனரில் ஒட்டிவிட்டு, கீழே நின்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். நாலு வரியும் சேர்ந்து நடந்தன. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இப்போதெல்லாம் அவள் கவிதையில் ஓர் எழுத்துக்கூட மாற்றுவதில்லை. குறை தேடுவதை மட்டும் விட முடியவில்லை. போன வாரம் ஒரு வளைகாப்புக் கவிதையில் கடைசி வரியின் இயைபு ஒட்டாமல் நின்றது. அவளிடம் சொல்லாமல் அப்படியே அடித்துக் கொடுத்தார். அன்று மத்தியானச் சோறு நன்றாக இறங்கியது.