கெட்டிமேளத்துக்கு ஓடி வந்த குடங்கள்

காலை பதினொரு மணிக்குத் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மீனும் இல்லை. பன்னிரண்டு மீன்கள் நீந்திக்கொண்டிருந்த இடத்தில் ஈரமான சிமெண்டுத் தரை மட்டும் கிடந்தது. மண்டபத்துக்குள் அறுபது மீன் டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினொன்றரைக்கு ஆபரேஷன் டெமோ. மாநாட்டு அமைப்பாளர் நான்.

மீன், இறால், ஆமை இவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களின் ஆண்டு மாநாட்டை எப்படி நடத்துவது என்று இளையவர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அருப்புக்கோட்டையில் நடத்திய அனுபவத்தைச் சொல்கிறேன். எப்படி நடத்தக் கூடாது என்பதாவது தெரிந்துவிடும்.

1. நாக்கில் சனி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அருப்புக்கோட்டையில் நான் கால்நடை மருத்துவர். ஆடு, மாடு போக, கண்மாய் மீனுக்கு நோய் வந்தாலும் என்னைத்தான் தேடுவார்கள். அதனால் மீன் டாக்டர்கள் சங்கத்தில் உறுப்பினரானேன். சங்கத்தில் மற்றவர்கள் எல்லாரும் கடற்கரைக்காரர்கள். மாநாடு என்றால் ஜன்னலைத் திறந்ததும் அலை தெரிய வேண்டும் அவர்களுக்கு.

ஒரு வருடம் மாநாட்டு முடிவில், "கண்மாய் மீனையும் கொஞ்சம் பேசுங்களேன்" என்று எழுந்து கேட்டேன். டாக்டர் அந்தோணி திரும்பிப் பார்த்தார். மீனுக்கு ஆபரேஷன் செய்வதில் கெட்டிக்காரர். வாயும் அதே அளவு கூர்மை.

"என்னவே, உங்க ஊர்ல மனுசன் குளிக்கவே தண்ணி கெடையாது. மீனுக்கு எங்க போவீரு?"

சபை சிரித்தது. எனக்குக் காது சுட்டது. "அடுத்த வருஷ மாநாடு எங்க ஊரில்!" என்று அறிவித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குப் புரிந்தது.

"சரி, வாரேன். ஒரு பேஷண்ட்டையும் கூட்டிட்டு வாரேன். ஆபரேஷன் டெமோ மட்டும் நடக்கலேன்னா, இனி கண்மாய்ப் பேச்சை எடுக்கக் கூடாது" என்றார் அந்தோணி. கை கொடுத்தேன்.

2. ஏற்பாடு

கல்யாண மண்டபம் பிடித்தேன். மண்டப மேனேஜர் குருசாமி அண்ணாச்சி நிதானமான மனிதர். கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்லமாட்டார். இதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

மண்டபத்தின் பின்புறம் பெரிய தொட்டி ஒன்று இருந்தது. ஊர் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் விட்டால் மீன் பாடையில்தான் போகும். ஆகவே காரியாபட்டிப் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றிலிருந்து நல்ல தண்ணீர் ஒரு லாரி கொண்டுவந்து நிரப்பினேன். நரிக்குடிக் கண்மாயிலிருந்து பதினொரு கெண்டைகள் வந்தன. பன்னிரண்டாவது அந்தோணியின் பேஷண்ட். விலாவில் எலுமிச்சை அளவுக் கட்டியோடு ஒரு கட்லா. மூன்று மாதமாக வீட்டில் வைத்து வளர்த்திருந்தார். டிரம்மில் போட்டு ஜீப்பில் மடியோடு அணைத்துக் கொண்டுவந்தார். இறங்கியதும் எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பேஷண்ட்டுக்கு ரூம் எங்க?" என்றார்.

தொட்டியைக் காட்டினேன். கையை விட்டுப் பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அந்த ஐந்து நிமிடம் நான் இரண்டு அங்குலம் உயரமாகவே நடந்தேன்.

3. விரலை ஆட்டியது

தொடக்க விழாவுக்கு நாதஸ்வரம் வைத்திருந்தேன். குத்துவிளக்கு ஏற்றும் நேரம். அறுபது டாக்டர்கள், பெரிய பேனர், கையில் மெழுகுவர்த்தியோடு அந்தோணி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னை அறியாமல் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்திவிட்டேன். மேளக்காரர்கள் பிளந்து கட்டினார்கள். பழக்க தோஷத்தில் முன்வரிசை டாக்டர் ஒருவர் பூத் தூவினார்.

பிறகு ஸ்லைடு போட்டு ஒருவர் இறாலைப் பற்றிப் பேசினார். பதினொரு மணிக்கு மீனைப் பார்க்கப் பின்பக்கம் போனேன். பார்த்தது என்ன என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

குருசாமி அண்ணாச்சி தூணில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! தண்ணி எங்க?"

"தெருக்காரவுக எடுத்துட்டுப் போயிட்டாகளே."

"எதுக்கு?"

"கெட்டிமேளம் கேட்டுச்சுல்ல? தாலி கட்டி முடிஞ்சா பின்தொட்டித் தண்ணி தெருவுக்கு. அது இந்த மண்டபத்து ஏற்பாடு சார். எச்சி இலை, மைக் செட்டுச் சத்தம்னு தெருவே சண்டைக்கு வந்தப்ப பேசி முடிச்சது."

"இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அந்த மண்டபத்தில் எத்தனையோ கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். கை கழுவியதும் முன்வாசல் வழியாகவே போய்விடுவேன். பின்பக்கம் குடங்கள் வரிசை கட்டி நின்றதை ஒரு நாளும் பார்த்ததில்லை. பத்து நாளைக்கு ஒரு முறை குழாயில் தண்ணீர் வரும் தெரு அது.

4. ரவுண்ட்ஸ்

அந்தோணிக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "என் பேஷண்ட்டு" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அறுபது டாக்டர்களும் கழுத்தில் அடையாள அட்டையோடு தெருவில் இறங்கினார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "மீன் இருக்கா?" என்று கேட்டார்கள். ஒரு மீன் உரலுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்று குழந்தை குளிக்கும் பேஸினில் இருந்தது. ஒரு வீட்டில் இட்லியைப் பிய்த்துப் போட்டு உபசாரம் நடந்தது. பத்து கெண்டை கிடைத்துவிட்டது. ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. கட்லாவை மட்டும் காணோம்.

தெருக்கோடி வீடு பேச்சியம்மாளுடையது. நெசவு வீட்டுக்காரி, தெருவின் தண்ணீர் வரிசைக்கெல்லாம் அவர்தான் தலைவி. உள்ளே போனோம். அடுப்படியில் ஓர் அலுமினிய அண்டா. அதில் கட்லா. உடம்பெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. பக்கத்தில் அரிவாள்மனை. அதற்குப் பக்கத்தில் புளி கரைத்து வைத்திருந்தது.

அந்தோணி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, அந்த மீனு..." என்றேன்.

"பாவம் டாக்டரே, தண்ணி தீந்து தரையில கெடந்து துடிச்சுச்சு. வெலாவுல என்னமோ வீங்கியிருக்கு. அதான் மஞ்சள் பத்து போட்டேன்."

அந்தோணி குனிந்து தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புப் போட்டீங்களா?"

"ஒரு கை போட்டேன். புண்ணு ஆறும்ல?"

அந்தோணி என்னைப் பார்த்தார். "அளவு சரியாத்தான்வே இருக்கு. நானும் இதைத்தான் போடுவேன். மிளகாப்பொடி போடுறவரைக்கும் இது வைத்தியந்தான்." பிறகு மெதுவாக அரிவாள்மனையைக் காட்டினார். "அம்மா, அது?"

"அது கத்திரிக்காய்க்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, கவுச்சி தொடமாட்டோம்."

"எங்க வீட்டுல வெள்ளிக்கிழமைன்னாலே மீன்தான்மா" என்றார் அந்தோணி.

பேச்சியம்மாள் அண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

5. ஆபரேஷன்

மீன் கிடைத்தது. தண்ணீர்? லாரியைத் திரும்ப அழைத்தால் சாயங்காலம் ஆகிவிடும். டெமோ போச்சு, கண்மாய்ப் பேச்சும் போச்சு. தெரு நடுவில் நின்று, வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். இது கல்யாணத் தண்ணீர் இல்லை, இந்த மீனின் உயிருக்கு வைத்த தண்ணீர் என்றேன். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. குழாய்க்குப் பத்து நாள் காத்திருப்பவர்களிடம் எந்த முகத்தோடு கேட்பது?

பேச்சியம்மாள் இடுப்பில் குடத்தைத் தூக்கி வைத்தார். "முன்னமே சொல்லியிருந்தா தொட்டுருப்போமா? ஏ, எல்லாரும் கொண்டாங்கடி!" என்றார்.

வந்த வழியே குடங்கள் திரும்பி வந்தன. ஒரு பெண் பாதி கழுவிய பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தார். அந்தோணி ஒரு குடத்தை வாங்கித் தோளில் வைத்து, பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு நடந்தார். தொட்டி முக்கால் நிறைந்தது. நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் கொஞ்ச நேரம் திரும்பி நின்றுகொண்டேன்.

மணமேடையில் மேஜை போட்டு ஆபரேஷன். கிராம்பு எண்ணெயில் கட்லா மயங்கியது. செவுளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சிறிய பம்பு வைத்திருந்தோம். கரண்ட் போனது. பேச்சியம்மாள் யாரும் கேட்காமலேயே மேடை ஏறி, சொம்பு சொம்பாகச் செவுளில் ஊற்றினார். கட்டி வந்தது, ஏழு தையல் விழுந்தது. அந்தோணியின் நெற்றி வேர்வையை யாரோ முந்தானையால் துடைத்துவிட்டார்கள்.

தொட்டியில் விட்டதும் கட்லா சாய்ந்து மிதந்தது. எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். மெதுவாக வால் அசைந்தது. அப்புறம் நிமிர்ந்து நீந்தியது.

மேளக்காரருக்குப் பொறுக்கவில்லை. யாரும் விரலை ஆட்டாமலேயே கெட்டிமேளம் கொட்டிவிட்டார்.

தெருவே குடத்தைத் தூக்கியது. நான் பாய்ந்து போய், இரண்டு கைகளையும் விரித்துத் தொட்டிக்கு முன்னால் நின்றேன்.

பேச்சியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். "பயப்படாதீக டாக்டரே! காலிக் குடத்த எடுத்து வீட்டுக்குத்தான் போறோம்."

மாலையில், அடுத்த மாநாடு எங்கே என்று கேட்டபோது, அந்தோணி எழுந்து, "இதே ஊர்ல வைக்கலாம். கண்மாய் மீனுக்குத் தனி அமர்வு போடுங்க" என்றார். சட்டை இன்னும் காயவில்லை. மறுவருடமும் அங்கேயே நடத்தினோம்.

இளையவர்களுக்கு நான் சொல்லும் பாடம் இதுதான். எந்த ஊரில் மாநாடு போட்டாலும் என் ஏற்பாட்டுப் பட்டியலில் முதல் வரி இரண்டு தண்ணீர் லாரி. முதல் லாரி தெருவுக்கு. தெருக் குடங்கள் நிறைந்த பிறகுதான் மீனுக்கு.