நீக்கப்பட்ட பகுதி

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அதற்கும் பயம். ஆனால் இந்த வேலைக்கு வந்த பிறகு எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஒரு சின்ன வரிக்குத்தான். 'ஒரு பகுதி நீக்கப்பட்டது.' அதை எழுதுவது மனிதரல்ல, ஒரு மென்பொருள்.

ஹட்டனில் ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனியின் வட்டார அலுவலகத்தில் எனக்கு வேலை. கொழும்பிலிருக்கும் தலைமை அலுவலகம் ஊரோடு ஒத்துப் புது மின்னஞ்சலுக்கு மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது. தோட்டத்து ஆபிஸ்கள் மாறவில்லை. அங்கே இன்னும் பழைய காலத்துச் செய்திப் பெட்டிதான். மலை உச்சிகளில் கம்பனி நட்டு வைத்த ரேடியோக் கம்பங்கள் வழியாக அது ஓடுகிறது. மழையில் போன் டவர் செத்தாலும் அது சாகாது. அதனால் அதைத் தூக்கி எறிய யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் புதியதும் பழையதும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாது. நடுவில் ஒரு கணினி உட்கார்ந்து, ஒரு முறையில் வரும் கடிதத்தை மற்ற முறைக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். கேட்வே என்போம். அதற்குக் காவலிருப்பதுதான் என் உத்தியோகம்.

சின்ன வயதில் அம்மாவோடு அரசாங்கக் கந்தோருக்குப் போவேன். அம்மாவுக்குச் சிங்களம் வராது. வரிசையில் நிற்கும் யாராவது ஒருவர் பெரிய மனது பண்ணி மொழிபெயர்ப்பார். அம்மா மூச்சு விடாமல் தன் கதை முழுவதையும் கொட்டுவார். அந்த மனிதர் அதிகாரி பக்கம் திரும்பி இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார். வெளியே வந்ததும், நான் சொன்னது எல்லாவற்றையும் அவர் சொன்னாரா என்று அம்மா என்னைப் பிடித்துக்கொள்வார். எனக்கு இந்தக் கேட்வே அந்த மனிதர்தான். பழைய பெட்டிக்கு எழுத்து மட்டுமே தெரியும். கடிதத்தோடு படம் வந்தால் கேட்வே படத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஆங்கிலத்தில் அந்த ஒரு வரியை எழுதி அனுப்பிவிடும்.

இதில் கூத்து என்னவென்றால், தலைமை அலுவலகத்தின் எல்லாக் கடிதங்களுக்கும் அடியில் கம்பனிச் சின்னம் படமாக இருக்கும். அதனால் கேட்வேயும் எல்லாக் கடிதங்களிலும் அந்த வரியை எழுதித் தள்ளும். உர மூட்டைக் கடிதத்திலும் ஒரு பகுதி நீக்கப்பட்டது, தீபாவளி லீவுக் கடிதத்திலும் ஒரு பகுதி நீக்கப்பட்டது. தோட்டத்துக் கிளாக்கர்மாருக்குப் பார்த்துப் பார்த்துப் பழகி, அப்படியொரு வரி இருப்பதே கண்ணில் படாமல் போய்விட்டது.

அந்த முறை மழை பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வலப்பனைப் பக்கம் பாதை இறங்கிவிட்டது என்றார்கள். வட்டவளையில் ரயில் நின்றது. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஒரு மலையின் காலடியில் எங்கள் லயம், தொழிலாளர் வீட்டு வரிசை. அம்மாவும் தங்கையும் அங்கேதான். டவர் செத்திருந்ததால் முந்தின நாளிலிருந்து அவர்களோடு பேச்சில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் தோட்டங்களில் பெரட்டு கூடி, ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பி முடிந்திருக்கும் நேரம். கொழும்பிலிருந்து எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. மண்சரிவு அபாயம் உள்ளதாம். இணைத்துள்ள வரைபடத்தில் சிவப்பில் காட்டியிருக்கும் லயங்களிலிருந்து ஆட்களை உடனே வெளியேற்ற வேண்டுமாம். என் பக்கத்தில் படம் இருந்தது. திறந்தேன். எங்கள் லயம் சிவப்பு. அதற்கு மேலே மலை முழுவதும் சிவப்பு.

பிறகு எங்கள் தோட்டத்துக்குப் போன பிரதியைத் திறந்து பார்த்தேன். சிவப்பு லயங்களைக் காலி செய்யுங்கள் என்று இருந்தது. எவை சிவப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பகுதி நீக்கப்பட்டது. பக்கத்தில், பெரிய கிளாக்கர் படித்துவிட்டார் என்பதற்கான குறி. அவர் கெட்ட மனிதரல்ல. நமக்குப் படம் வரவில்லை, அப்படியென்றால் நம் தோட்டம் அதில் இல்லை என்று நிம்மதியாகக் கோப்பில் போட்டிருப்பார்.

மேலதிகாரியிடம் ஓடினேன். படித்த குறி வந்துவிட்டதே, பிறகென்ன என்றார். எனக்கு அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. திரும்பி வந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சிவப்பு லயத்தின் பெயரையும் எழுத்தில் எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் குறி வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

வராது என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்து ஆபிஸ்களில் அதுதான் வழக்கம். பெரட்டு முடிந்ததும் ஒரு தடவை பெட்டியைத் திறப்பார்கள், பிறகு ஆபிஸ் மூடும் முன் ஒரு தடவை. ஆட்களைப் பற்றிய கடிதம் அதுவரை கிடக்கலாம். தேயிலைத்தூளைப் பற்றிய கடிதம் மட்டும் கிடக்கக் கூடாது. தூள் ஏற்றும் லொறிக்காகத் தொழிற்சாலைக்குத் தனிப் பெட்டி உண்டு. அங்கே தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் அந்தத் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்.

அதே கடிதத்தைத் தொழிற்சாலைப் பெட்டிக்கு அனுப்பினேன். தலைப்பில் லொறி நிறுத்தம், அவசரம் என்று போட்டேன். நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் படித்த குறி வந்துவிட்டது.

அந்தக் குறியும் படித்தார் என்று மட்டும்தான் சொல்லும். என்ன செய்தார் என்று சொல்லாது. அன்று முழுவதும் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலை இறங்கிவிட்டது போலவும், நான் இங்கே காய்ந்த உடுப்போடு உட்கார்ந்திருப்பது போலவும் மனது படம் காட்டியது. மறுநாள்தான் டீமேக்கரின் பதில் வந்தது. நேரங்கெட்ட நேரத்தில் தொழிற்சாலைச் சங்கை ஊதினாராம். நெருப்புப் பிடித்துவிட்டது என்று சனம் வெளியே ஓடிவந்ததாம். அப்படியே எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாராம். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இனி லயங்களை எழுத்திலும் எழுதுங்கள் என்று கொழும்புக்குச் சொன்னேன். பார்க்கிறோம் என்றார்கள்.

மழை கொஞ்சம் விட்டது. டவரும் உயிர் பெற்றது. ஒரு காலை, பாதையில் விழுந்த மரத்தால் பஸ் பிந்தி நான் ஆபிஸுக்குள் நுழையும்போது, புதுக் கடிதம் ஏற்கெனவே தோட்டங்களுக்குப் போய்விட்டிருந்தது. வரைபடத்தில் பச்சையில் காட்டியிருக்கும் லயங்களுக்கு ஆட்கள் திரும்பலாம். அவ்வளவுதான். எழுத்தில் ஒரு லயத்தின் பெயரும் இல்லை. படத்தைத் திறந்தேன். எங்கள் லயம் இன்னும் சிவப்பு. தோட்டத்துப் பிரதியில் அதே பாழாய்ப்போன வரி, பக்கத்தில் பெரிய கிளாக்கரின் குறி.

டீமேக்கருக்குப் போன் போட்டுச் சங்கை ஊதச் சொன்னேன். பிறகு தங்கைக்கு. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"பெரட்டுல சொல்லிட்டாங்க, எல்லாரும் போகலாமாம்" என்றாள்.

"அம்மா எங்க?"

"அம்மா முன்னுக்கே போயிருச்சு. அடுப்பு பத்த வைக்கணுமாம்."

ஓடு, போனை வைக்காமல் ஓடு என்றேன். அவளுடைய செருப்புச் சத்தமும் மூச்சிரைப்பும் கேட்டன. ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தாள், எழுந்து ஓடினாள். நான் இந்தப் பக்கம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனுக்குள் எது சத்தம் போட்டாலும் மலைதான் என்று நினைத்தேன். பிறகு அம்மாவின் குரல் கேட்டது. தங்கை கையைப் பிடித்து இழுக்கிறாள் போலிருந்தது. அம்மா அசையவில்லை.

அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். ஆபிஸ் சொல்லாமல் எழுந்து போனால் வேலைக் கணக்கில் அன்றைய பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளமில்லை. வாழ்க்கை முழுவதும் அப்படியே பழகிய உடம்பு அது. தங்கை போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"ஆபிஸ்ல சொல்லித்தானே வந்தேன்" என்றார் அம்மா. "மறுபடியும் ஆபிஸ்ல சொல்லட்டும், போறேன்."

"அம்மா, நான் ஆபிஸ்லருந்துதான் பேசுறேன்."

தூரத்தில் சங்கு ஊத ஆரம்பித்தது. அம்மா மெதுவாகக் கேட்டார்.

"எல்லாத்தையும் சொன்னாங்களா?"

"இல்லம்மா. பாதியத்தான் சொன்னாங்க. வாங்கம்மா."

சுர்ரென்று ஒரு சத்தம். அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது.

மலை அடுத்த நாள் இறங்கியது. அந்த அடுப்பு இன்னும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது.